விற்ற போனுக்குப் பூட்டு எதற்கு?

செல்போன் கம்பெனிகள் மூலநிரலை மக்களிடம் ஒப்படைக்கட்டும்!

2023ஆம் ஆண்டு ஜனவரி 1ந் தேதி முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் வருகைப் பதிவைச் செல்போன் மூலமாகத்தான் எடுக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ. போட்டோ ஏறினால்தான் அன்றைய கூலி. அந்த உத்தரவு வந்த சில வாரங்களில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் ஒன்றுக்காக நாம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். ஏரிக்கரையில் நாற்பது ஐம்பது பெண்கள் மண்வெட்டியும் கூடையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பணித்தளப் பொறுப்பாளராக இருந்த பெண் கையில் போனை வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றார். போன் நன்றாகத்தான் இருந்தது. பேச முடிந்தது, படம் பிடித்தது, பாட்டுப் பாடியது. சர்க்கார் சொன்ன ஆப் மட்டும் அதில் ஏறவில்லை. இந்தப் போனுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி வந்தது, அதோடு சரி.

மறுநாள் டவுனில் செல் கடை வைத்திருக்கும் தம்பியிடம் அந்தப் போனைக் காட்டினார்கள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, போன்ல ஒரு கோளாறும் இல்ல. பேட்டரி நல்லாருக்கு, டிஸ்பிளே நல்லாருக்கு. கம்பெனிக்காரன் இந்த மாடலுக்கு அப்டேட் விடறத நிறுத்திட்டான். இதுக்கு மேல நான் என்னக்கா செய்யட்டும்? புதுசு ஒண்ணு வாங்கிக்கங்க."

புதுசு ஏழாயிரம் ரூபாய்! 2023-24ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 294 ரூபாய். அறிவித்த கூலி முழுதாகக் கைக்கு வருவதில்லை என்பது வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். முழுதாக வந்தது என்றே வைத்துக்கொண்டாலும் ஏழாயிரம் என்பது ஏறக்குறைய 24 நாள் கூலி. கோளாறு ஒன்றுமில்லாத ஒரு பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் இன்னொரு பொருளை வாங்குவதற்காக ஓர் ஏழைப் பெண் 24 நாள் ஏரி மண் சுமக்க வேண்டும்!

யார் இந்தப் போனைக் கொன்றது? வாங்கியவர் கொல்லவில்லை. ரிப்பேர்காரரும் கொல்லவில்லை. விற்றுக் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட கம்பெனி, விற்ற பிறகும் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டது. அதுதான் விஷயம்.

ஜக்கார்டு அட்டையும் போனும்

கிணற்று மோட்டார் எரிந்துபோனால் என்ன செய்கிறோம்? பக்கத்து ஊர்ப் பட்டறைக்குக் கொண்டுபோகிறோம். அவர் திறந்து பார்க்கிறார், எரிந்த காயிலைப் பிரித்து எடுக்கிறார், புதுக் கம்பியைச் சுற்றிக் கட்டுகிறார், மோட்டார் இன்னும் பத்து வருஷம் ஓடுகிறது. மோட்டார் செய்த கம்பெனி மூடப்பட்டே போயிருந்தாலும் நமக்குக் கவலையில்லை. மில்லில் ஐம்பது வருஷத்துப் பழைய ரிங் பிரேமை பிட்டர்கள் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். பார்த்தால் தெரியும், தெரிந்தால் ரிப்பேர் செய்யலாம். இரும்பும் செம்பும் ஒளிவு மறைவு வைப்பதில்லை.

போன் அப்படியில்லை. அதில் கையால் தொடக்கூடிய பாகங்கள் போக, அவற்றை ஆட்டி வைக்கும் கட்டளைகள் இருக்கின்றன. அதைத்தான் மென்பொருள் என்கிறோம். இந்தக் கட்டளைகளை இஞ்சினீயர்கள் முதலில் மனிதன் படிக்கக்கூடிய விதத்தில் எழுதுகிறார்கள். அது மூலநிரல். பிறகு அதை இயந்திரத்துக்கு மட்டும் புரியும் வெறும் எண்களாக மாற்றிப் போனில் ஏற்றுகிறார்கள். நம் கைக்கு வருவது அந்த எண்கள் மட்டுமே. நெசவாளத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். சேலையை விற்றார்கள், ஜக்கார்டு அட்டையைப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். தேர்ந்த நெசவாளி சேலையைப் பார்த்து அட்டையைத் திரும்ப அடித்துவிடுவார். போனிலோ அட்டைகள் கோடிக்கணக்கில். பார்த்துக் கண்டுபிடிக்க ஓர் ஆயுள் போதாது.

இன்னொரு பித்தலாட்டத்தையும் சொல்ல வேண்டும். இந்த மென்பொருளை எல்லாம் கம்பெனிகளே சொந்தமாகச் செய்தனவா? இல்லை! ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றின் அடித்தளத்திலும் லினக்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கியது அது. பிறகு உலகமெங்கும் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து அதை வளர்த்தார்கள். சிலர் கம்பெனிச் சம்பளத்துக்கு உழைத்தார்கள், பலர் ஒரு காசும் வாங்காமல் இராக்கண் விழித்து எழுதினார்கள். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் இதற்கு ஒரு நிபந்தனைப் பத்திரம் தயாரித்துக் கொடுத்தது. ஜி.பி.எல். என்று அதற்குப் பெயர். இதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் விற்கிறவன், மாற்றிய மூலநிரலை வாங்குகிறவனுக்குத் தந்தாக வேண்டும். ஊர்ப் பொதுக் கிணற்றில் யாரும் இறைக்கலாம், கிணற்றுக்கு வேலி போடக் கூடாது என்பது போன்ற நியாயம்தான்.

கூகுள் கம்பெனி 2005இல் ஆண்ட்ராய்டை விலைக்கு வாங்கி, லினக்ஸ் மேல் அதைக் கட்டி எழுப்பியது. 2008இல் முதல் ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வந்தது. ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதியை கூகுள் திறந்த மூலமாகவே வெளியிட்டு வருகிறது. பிறகு எங்கே பூட்டு என்று கேட்பீர்கள். இரண்டு இடத்தில்.

ஒன்று, கேமரா, வைபை, தொடுதிரை, படம் காட்டும் பகுதி ஆகியவற்றைச் சிப்போடு இணைக்கும் மென்பொருள். இதற்கு டிரைவர் என்று பெயர். (பஸ் டிரைவர் இல்லாவிட்டால் பஸ் என்ன ஆகுமோ அதே கதிதான் இந்த டிரைவர் இல்லாத கேமராவுக்கும்.) குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனிகள் இதில் பெரும் பகுதியை எண்களாக மட்டும் கொடுக்கின்றன, மூலநிரலைக் கொடுப்பதில்லை. இரண்டாவது பூட்டு, போன் உயிர் பெறும்போது முதலில் ஓடும் பூட்லோடர் என்ற வாசல்காரன். கம்பெனி முத்திரை குத்திய மென்பொருளைத் தவிர வேறு எதையும் அவன் உள்ளே விடமாட்டான். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வீட்டின் வாசலில், விற்றவனுடைய காவல்காரன் தடியோடு நிற்கிறான்!

பந்தைத் தட்டிவிடும் கலை

சொன்னால் நம்ப வேண்டுமே, நடந்ததையே சொல்கிறோம். 2011 கடைசியில் கூகுளும் சாம்சங்கும் சேர்ந்து கேலக்ஸி நெக்சஸ் என்ற போனைக் கொண்டுவந்தன. அதன் சிப்பைச் செய்தது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி. 2012இல் அந்தக் கம்பெனி, செல்போன் சிப் வியாபாரத்தில் லாபம் போதவில்லை என்று கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. 2013இல் ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு வந்தபோது, 18 மாதக் கெடு முடிந்துவிட்டது, இந்தப் போனுக்குக் கிடையாது என்று கூகுள் கைவிரித்தது. வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத போன்! சிப் கம்பெனி போய்விட்டது, போன் கம்பெனி கைவிரித்துவிட்டது, டிரைவரின் மூலநிரல் மட்டும் யாருக்கும் கிடைக்காமல் பெட்டிக்குள் கிடந்தது.

ஹாலந்து நாட்டில் பேர்போன் என்று ஒரு சிறிய கம்பெனி. நீண்ட நாள் உழைக்கும், ரிப்பேர் செய்யக்கூடிய போன் செய்வோம் என்று கிளம்பிய கம்பெனி அது. 2013இல் வந்த அதன் முதல் போனில் மீடியாடெக் சிப். நாலு வருஷம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் மென்பொருளைப் புதுப்பிக்க முடியவில்லை என்று 2017இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. எண்ணம் நல்லதாக இருந்தும் மூலநிரல் கையில் இல்லாவிட்டால் என்ன கதி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் 2015இல் வந்த அதன் இரண்டாவது போனின் கதை வேறு. சிப் கம்பெனி பாதியில் கைவிட்ட பிறகும், வெளியே தொண்டர்கள் திறந்த மூலமாக உருவாக்கி வைத்திருந்த லினேஜ் ஓ.எஸ். வேலையைத் துணைக்கு எடுத்துக்கொண்டு 2023 வரை அந்தப் போனை உயிரோடு வைத்திருந்தார்கள். ஒரு சின்னக் கம்பெனிக்கு முடிந்தது, கோடி கோடியாகச் சம்பாதிக்கும் மலைமுழுங்கிகளுக்கு ஏன் முடியவில்லை?

முடியாததில்லை. மனமில்லை. பழைய போன் ஓடினால் புதிய போன் விற்காது. அவ்வளவுதான் இதில் உள்ள பொருளாதாரம்.

நோக்கியா சொன்ன பாடம்

நோக்கியா என்ற பெயரைத் தமிழ்நாட்டுத் தொழிலாளி மறக்க மாட்டான். அந்தக் கம்பெனியின் சொந்த மென்பொருள் சிம்பியன். ஒரு காலத்தில் உலகத்தில் விற்ற ஸ்மார்ட் போன்களில் பெரும் பகுதி அதில்தான் ஓடியது. 2008இல் நோக்கியா சிம்பியனை முழுதாகத் தன்வசமாக்கி, ஒரு பொது ஸ்தாபனத்தின் கீழ் விடுவதாக அறிவித்தது. சொன்னபடி 2010 பிப்ரவரியில் மூலநிரல் முழுவதும் வெளியிடப்பட்டது. நாமும் இதைப் பாராட்டத்தான் வேண்டும். அது எத்தனை நாள் நீடித்தது? அந்த வருஷக் கடைசியிலேயே பொது ஸ்தாபனத்தைச் சுருட்டும் வேலை ஆரம்பமாகிவிட்டது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாப்டோடு நோக்கியா கைகோத்தது. சில வாரங்களில் சிம்பியன் மூலநிரலின் கதவைத் திரும்பவும் சாத்தினார்கள். சிம்பியன் வேலையில் இருந்த ஆயிரக்கணக்கான இஞ்சினீயர்களை வேறொரு கம்பெனிக்குக் கைமாற்றினார்கள். 2014 ஜனவரி முதல் பழைய சிம்பியன் போன்களுக்கு நோக்கியா கடையில் புதிய ஆப் எதையும் சேர்க்க முடியாது என்று உத்தரவு வந்தது. கையில் போன் வைத்திருந்த கோடிக்கணக்கான ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?

அதே 2014இல் இங்கே என்ன நடந்தது? 2006இல் உற்பத்தி தொடங்கி, ஒரு கட்டத்தில் 8,000 பேர் வரை நேரடியாக வேலை செய்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை, வரித் தகராறில் சிக்கி, மைக்ரோசாப்ட் கைக்கும் போகாமல், நவம்பர் 1ந் தேதி மூடப்பட்டது. இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்களும் பையன்களும் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் தயாரானவை பெரும்பாலும் சாதாரணப் பட்டன் போன்கள்தான், சிம்பியன் போன்கள் வேறு. ஆலை மூடியதற்கு மென்பொருள் காரணம் என்று நாம் கதை கட்டவில்லை. ஆனால் இரண்டையும் தீர்மானித்தது ஒரே அறை, ஒரே கணக்குப் புத்தகம். செய்த தொழிலாளியிடமும் கேட்கவில்லை, வாங்கிய ஜனங்களிடமும் கேட்கவில்லை.

கடைசியில் மைக்ரோசாப்ட்டாவது வாழ்ந்ததா? 2015 ஜூலையில் நோக்கியா வாங்கிய வகையில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு, 7,800 பேரை வேலையை விட்டு நீக்கப்போவதாக அறிவித்தது. அதன் போன் மென்பொருளுக்கு 2020 ஜனவரியோடு முற்றுப்புள்ளி. இன்றைக்கு அந்த லூமியா போன்கள் மேஜை டிராயரில் காகிதம் பறக்காமல் இருக்கக் கனமாக வைக்கத்தான் உதவுகின்றன. பிளாக்பெர்ரியின் பழைய போன்களுக்கும் 2022 ஜனவரி 4ந் தேதி அந்தக் கம்பெனி தன் சேவைகளை நிறுத்தியது. மூலநிரல் வெளியே வரவில்லை. செத்த பிறகும் பிணத்தைத் தரமாட்டேன் என்கிறார்கள்!

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்ப்போம். மொசில்லா என்ற லாப நோக்கமற்ற ஸ்தாபனம் பயர்பாக்ஸ் ஓ.எஸ். என்ற போன் மென்பொருளைச் செய்தது. போட்டியில் நிற்க முடியாமல் சில வருஷத்தில் கைவிட்டது. ஆனால் மூலநிரல் திறந்து கிடந்தது. அதை எடுத்து வளர்த்துத்தான் காய் ஓ.எஸ். பிறந்தது. 2017இல் 1,500 ரூபாய் முன்பணத்துக்குக் கொடுத்த ஜியோபோன் அதில் ஓடியதுதான். நம்மவர் வீடுகளில் கோடிக்கணக்கில் இருந்த போன் அது. கைவிட்ட மென்பொருள் திறந்து கிடந்தால் அதற்கு மறுபிறவி உண்டு என்பதற்கு இது சாட்சி. எடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். பொதுக் கிணற்றில் நீர் மொண்டு, தங்கள் குடத்துக்கு மூடி போட்டுப் பூட்டினார்கள். 2024 ஜூனில் காய் ஓ.எஸ். போன்களில் வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்க முடியாமல் போனது, 2025 தொடக்கத்தோடு இருந்ததும் நின்றது. அந்தப் போனை வேறு வழியில் உபயோகப்படுத்த நமக்குச் சாவி இல்லை.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

கம்பெனிகளின் வக்கீல்கள் முதலில் சொல்வது தொழில் ரகசியம். விற்பனையை நிறுத்தி நாலைந்து வருஷமான போனில் என்ன ரகசியம்? போட்டிக் கம்பெனி அதைப் பார்த்து, கடையில் இல்லாத போனைக் காப்பி அடித்து விற்கப் போகிறதா? உலகம் இலவசமாகக் கொடுத்த லினக்ஸை அடித்தளமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் நாலு செங்கல் அடுக்கியவன் ரகசியம் பேசுவது யோக்கியதையான காரியமா? அந்த நாலு செங்கல்லுக்கும் சேர்த்துத்தானே விலை வாங்கினான்?

இரண்டாவது, பாதுகாப்பு. மூலநிரலைத் திறந்தால் திருடர்கள் புகுந்துவிடுவார்களாம்! 2017 நவம்பரில் வெளியான பட்டியலில், உலகத்தின் மிகப் பெரிய 500 சூப்பர் கம்ப்யூட்டர்களில் 500ம் திறந்த லினக்ஸில் ஓடின. அங்கெல்லாம் திருடன் புகவில்லையா? உண்மையில் ஆபத்தான போன் எது? ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் அடைக்க யாருமில்லாத போன்தான். கம்பெனியும் அடைக்காது, அடைக்கத் தெரிந்தவனையும் அடைக்க விடாது. அதே போனில்தான் நம் பெண்கள் பாங்கிக் கணக்கின் ஓ.டி.பி. பார்க்கிறார்கள். பூட்டிய மென்பொருளுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஆப்பிள் கம்பெனியின் கதை போதும். பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் அது ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் செய்தோம் என்றது. அப்படியானால் வாங்கியவரிடம் ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை? சொல்லாததற்காகப் பிரான்ஸ் சர்க்கார் 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். போன் மந்தமாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்கள் எத்தனை பேரோ!

மூன்றாவது சமாதானத்தில் கொஞ்சம் வாஸ்தவம் உண்டு. டிரைவர் எங்களுடையது அல்ல, சிப் கம்பெனியுடையது, எங்களால் எப்படித் தர முடியும் என்கிறார்கள். எச்.பி. கம்பெனி வெப் ஓ.எஸ். விஷயத்தில் இதில்தான் முட்டிக்கொண்டது. 2011 ஆகஸ்டில் தன் டச்பேட் கருவியை ஏழு வாரத்தில் சந்தையிலிருந்து எடுத்துவிட்டு, டிசம்பரில் மென்பொருளைத் திறந்துவிடுவதாக அறிவித்து, 2012இல் வெளியிடவும் செய்தது. ஆனால் திறந்த அந்தப் பதிப்பு, ஏற்கெனவே விற்ற கருவிகளிலேயே ஓடவில்லை. அவற்றின் டிரைவர்கள் அடுத்தவன் பூட்டில் இருந்தன. சரி, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு திருகாணிக்கு அரைப் பைசா குறைத்துத் தா என்று சப்ளை செய்கிறவன் கழுத்தை நெரிக்கத் தெரிந்த கம்பெனிக்கு, டிரைவர் மூலநிரலையும் சேர்த்துக் கொடு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதத் தெரியாதா? போனில் ரேடியோ அலையை நேரடியாக ஆளும் பகுதிக்கு ஒவ்வொரு நாட்டிலும் தனிச் சட்டதிட்டம் உண்டு. அதை இன்றைக்கே திறந்துவிடு என்று நாம் அடம் பிடிக்கவில்லை. மற்றதைக் கொடு!

நம் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வருகிறது. கூலிப் பிரச்னை, நிலப் பிரச்னை இருக்கும்போது இது என்ன படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ஏரிக்கரையில் கூலி எதில் பதிவானது? போனில். பாங்கியில் பணம் வந்த செய்தி எதில் வருகிறது? போனில். பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி? அதுவும் போனில். கூலிக்கும் நமக்கும் நடுவே வந்து உட்கார்ந்துவிட்ட ஒரு கருவியைப் பற்றிப் பேசாமல் கூலியைப் பற்றி மட்டும் எப்படிப் பேசுவது? மூலநிரல் வந்துவிட்டால் சுரண்டலே ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. திறந்த மூலத்தை வைத்துக்கொண்டே கூகுள் எவ்வளவு கொழுத்திருக்கிறது என்பது கண்கூடு. ஆனால் 24 நாள் கூலி 24 நாள் கூலிதான்.

கேட்டால் கிடைத்திருக்கிறது

2003ஆம் ஆண்டு. லிங்க்சிஸ் கம்பெனி வீட்டுக்கு இணையம் தரும் ஒரு பெட்டியை விற்றுவந்தது. உள்ளே லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். ஜி.பி.எல். நிபந்தனைப்படி மூலநிரலைக் கொடு என்று கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். அந்த வருஷமே கம்பெனி மூலநிரலை வெளியிட்டது. அதை எடுத்துத் தொண்டர்கள் 2004இல் ஓபன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். இருபது வருஷம் தாண்டியும் எத்தனையோ கம்பெனிகளின் கைவிடப்பட்ட பெட்டிகள் அதனால் உயிரோடு ஓடுகின்றன. அந்த ஒரு பெட்டிக்காகக் கேட்டது அத்தனை பெட்டிகளுக்கும் பயன்பட்டது.

2011 மே மாதம். எச்.டி.சி. கம்பெனி தன் புதுப் போன்களின் பூட்லோடரைப் பூட்டத் தொடங்கியது. வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் கூச்சல் போட்டார்கள். அந்த மாதக் கடைசியிலேயே, இனிப் பூட்டமாட்டோம் என்று அந்தக் கம்பெனியின் தலைவரே அறிவித்தார். இரக்கப்பட்டு அல்ல, வியாபாரம் போய்விடும் என்ற பயத்தில்தான். பயம் இருந்தால் போதும், இரக்கத்தை நாம் கேட்கவில்லை.

கேட்பதை நிறுத்தினால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்திருக்கிறோம். பூட்டைத் திறக்கும் எண்ணைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவந்த ஹுவாவே கம்பெனி 2018இல் அதை நிறுத்திக்கொண்டது. கூகுளின் வாசலும் குறுகி வருகிறது. 2025 மார்ச்சில், ஆண்ட்ராய்டு வேலை முழுவதையும் இனி உள்ளே வைத்தே செய்வோம், முடிந்த பிறகு மூலநிரலைத் தருவோம் என்று சொன்னது. ஜூனில் ஆண்ட்ராய்டு 16 வந்தபோது, தன் பிக்சல் போன்களுக்கு வழக்கமாக வெளியிட்டுவந்த சில முக்கியப் பகுதிகளை வெளியிடாமல் விட்டது. தொண்டர்கள் சிரமப்பட்டு வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20ந் தேதி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 வருஷத்துக்கு மென்பொருள் அப்டேட்டும், 7 வருஷத்துக்கு உதிரிப் பாகங்களும் கிடைக்க வழி செய்யும் சட்டம். நல்லதுதான். ஆனால் அதிலும் மூலநிரல் என்ற பேச்சு இல்லை. ஐந்து வருஷம் கழித்து அந்தப் போனும் ஏரிக்கரைப் போன் மாதிரியே நிற்கும். நம் நாட்டில் ரிப்பேர் செய்யும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் இலாகா 2022 ஜூலையில் ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவிகளோடு செல்போனையும் அதன் வரம்பில் சேர்த்தார்கள். டிசம்பரில் கம்பெனிகளின் ரிப்பேர் விவரங்களைத் திரட்டித் தரும் இணையதளம் ஒன்றையும் திறந்துவைத்தார்கள். விவரம் கொடுப்பது கம்பெனியின் இஷ்டம்! கம்பெனியின் இஷ்டத்துக்கு விடுவதற்குக் கமிட்டி எதற்கு?

நாம் கேட்பது அதிகமில்லை. ஒரு மாடலுக்கு அப்டேட்டை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவிக்கும் அதே நாளில், அந்த மாடலின் மூலநிரலை டிரைவர்களோடு சேர்த்து வெளியிட வேண்டும். பூட்லோடரின் பூட்டைத் திறக்கும் வழியைப் போனின் சொந்தக்காரருக்கு இலவசமாகத் தர வேண்டும். கம்பெனி விற்கப்பட்டாலும் மூடப்பட்டாலும் இந்தக் கடமை வாங்கியவன் தலையில் இறங்க வேண்டும். நோக்கியா செய்தது போல ஒரு முறை திறந்துவிட்டுப் பிறகு சாத்தக் கூடாது. லினக்ஸ் பகுதியின் மூலநிரலைத் தருவதற்கு ஏற்கெனவே நிபந்தனை உண்டு. அதை இழுத்தடிக்கும் கம்பெனியின் போனை இந்நாட்டில் விற்க அனுமதிக்கக் கூடாது. தொழிலாளியின் வருகையைப் போனில்தான் பதிவு செய்வேன் என்று உத்தரவு போடத் தெரிந்த சர்க்கார், இந்த உத்தரவையும் போடட்டும். அதுவரை, எந்தப் போனிலும் ஏறாத ஆப்பைக் காட்டி ஒருவர் கூலியையும் நிறுத்தக் கூடாது, பழையபடி பேரேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

அந்த ஏரிக்கரைப் பெண் வட்டிக்கு வாங்கித்தான் புதுப் போன் எடுத்தார். பழையதை எறிய மனமில்லாமல் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். இப்படிப் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் போன்கள் உங்கள் வீட்டிலும் இருக்கும். பின்பக்கத்தில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயர், மாடல் எண், வாங்கிய வருஷம், அப்டேட் நின்ற வருஷம் தெரிந்தால் அது, இவற்றை ஒரு காகிதத்தில் எழுதி உங்கள் சங்கக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் போனையே கொண்டுவாருங்கள், வாசகசாலையில் இருக்கும் பையன்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். மில் வாசல் கூட்டங்களிலும் இதைப் பற்றிப் பேசுங்கள். பட்டியல் சேர்ந்ததும் கையெழுத்து வாங்கி, நுகர்வோர் இலாகாவுக்கும் அந்தந்தக் கம்பெனிக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புவோம்.